தக்காளிக் காட்டு ஏரோப்ளேன்

ஏனுங்க தம்பி, அதென்ன ஃபோன்ல? கல்யாண வீடியோவா? ஓ, மேலிருந்து எடுக்கறதுங்களா? அட, அது சும்மா வண்டுங்க தம்பி. நாலு விசிறிய வச்சுட்டு ஒரே எடத்துல நின்னு கத்தும், பொண்ணு மாப்பிள்ளை தலையில பூவக் கொட்டும், கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கிட்டு எறங்கிக்கும். எங்க தோட்டத்துல பறந்தது அது இல்லீங்க. அது நெசமான ஏரோப்ளேனு. றெக்கை வச்சது. சித்தெ அக்கட்டால நவுந்துக்குங்க, இந்தப் பையக் கீழ வச்சுக்கறேன். பஸ்ஸு உடுமலை போயிச் சேர்ற வரைக்கும் சொல்றதுக்கு இருக்குது.

எங்க ஊரு மலையடிவாரம், கரட்டுப்புதூரு. என்ற பேரு தெய்வாத்தா. எங்க தோட்டத்துக்கு மேக்குக் கோடியில ஒரு துண்டு வெறும் பூமி கெடக்குதுங்க. ஒண்ணும் வெளையாது, ஆடு மேயும். வைகாசியில ஒரு வேன் வந்து அங்க நின்னுச்சு. ஒரு புள்ளையும் ஒரு பையனும் எறங்கி, ‘அம்மா, இந்த எடத்துல நாங்க கொஞ்ச மாசம் விமானம் பறக்க விட்டுப் பாக்கலாமா’ன்னு கேட்டாங்க. எங்கூட்டுக்காரர் என்னையப் பாத்தாரு. அவரு எதுக்கும் என்னையத்தான் பாப்பாரு. நான் அந்தப் புள்ளையப் பாத்தேன். வெயில்ல கருத்து, எளைச்சு, கண்ணு மட்டும் பெருசா இருந்துச்சு. ‘சாப்பிட்டியா கண்ணு’ன்னு கேட்டேன். இல்லைன்னுச்சு. அப்பறம் என்னுங்க, பறக்க விடுங்கன்னு சொல்லிட்டேன்.

அந்தப் புள்ளை பேரு மெர்லின். நாகர்கோயிலுப் பக்கம். நல்ல புள்ளை, பேச்சுத்தான் ஒரு மாதிரி இருக்கும், ‘செய்யாண்டாம்’, ‘எனக்க’ன்னுதான் பேசும். ஏரோப்ளேனுக்குள்ள இருக்கற மூளைய எழுதறது அதுதான். கூட இருந்த பையன் அஸ்லாம். அவன் ரிமோட்டக் கையில புடிச்சுட்டு நிப்பான், ஏதாவது தப்பாப் போச்சுன்னா புடிச்சு எறக்கறதுக்கு. பாவம், அவன் புடிக்கறதுக்குள்ள அது எப்பவும் எறங்கி முடிச்சிருக்கும்.

அந்த ஏரோப்ளேனு எப்பிடின்னு கேளுங்க. ரெண்டு பக்கம் றெக்கை. றெக்கை மேல நாலு விசிறி வானத்தப் பாத்துட்டு இருக்கும். பொறத்தால ஒரு விசிறி. கெளம்பறப்ப அந்த நாலு விசிறியும் சுத்தி, தேரத் தூக்கற மாதிரி நட்டக்குத்தலா மேல தூக்கிரும். ஓடறதுக்கு ரோடே வேண்டாமுங்க. மேல போனதும் பொறத்தால விசிறி முன்னால தள்ளும். வேகம் புடிச்சதும் றெக்கையே தாங்கிக்கும், நாலு விசிறியும் நின்னுக்கும். அப்பறம் கழுகாட்டமாப் போகும். போன எடத்துல மறுபடி நாலு விசிறியும் சுத்தி, பூ மாதிரி நேராக் கீழ எறங்கிக்கும்.

‘எல்லாம் சரிம்மா, மாறுற நேரம்தான் கண்டம்’னு மெர்லின் சொல்லும். ‘றெக்கை தாங்கும் முன்ன விசிறி விட்டுட்டா விழுந்துரும். தாங்கின பெறகும் விடாட்டா பேட்டரி தீந்துரும். எப்ப விடணும்னு அதுவே முடிவு பண்ணணும். அந்த முடிவ அதுக்குச் சொல்லிக் குடுக்கதுதான் எனக்க வேலை.’

எதுக்குக் கண்ணு இத்தனை பாடுன்னு கேட்டேன். மலை மேல மஞ்சப்பாறைன்னு மலைவாசி சனங்க செட்டில்மென்ட் ஒண்ணு இருக்குதுங்க. ரோடு கெடையாது. மழை வந்தா ஓடையத் தாண்ட முடியாது. மெர்லின் அங்க ஒரு தடவ போயிருந்தப்ப, பாம்பு கடிச்ச பொம்பளையத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு எறங்குனாங்களாம். கூட நடந்து வந்திருக்குது இந்தப் புள்ளை. கீழ வந்து சேர்றப்ப அந்தப் பொம்பளைக்கு நெனவில்லையாம். பொழைச்சுக்கிட்டா, ஆனா காலு போச்சு. ‘மருந்து மேல போயிருந்தா அவ எறங்கியே இருக்க வேண்டாம்மா’ன்னுச்சு. அதச் சொல்றப்ப அது குரலு வேற மாதிரி இருந்துச்சுங்க. நான் அதுக்கு இன்னொரு தோசை வச்சேன்.

மொதல்ல நல்லாத்தான் பறந்துச்சு. தெனமும் காத்தால தூக்கி, மேக்கால காத்துக்கு எதுக்கப் போகும், சுத்திட்டு வரும், எறங்கும். ஊரே பாக்க வந்துச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு வந்தாரு, பால்காரன் வந்தான், வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் வெளக்கிச் சொன்னேன். அப்பத்தான் ஒரு நா திரும்பிப் பாக்கறேன், கிளுவை வேலிக்கு அந்தாண்ட பொன்னாத்தா நின்னுட்டிருக்கா. இடுப்புல கைய வச்சுட்டு, அண்ணாந்து, கண்ணு சிமிட்டாமப் பாத்துட்டிருக்கா.

பொன்னாத்தா ஆருன்னு சொல்லலையே. என்ற ஓரகத்தி. எங்கூட்டுக்காரருக்கு அண்ணன் சம்சாரம். மச்சாண்டார் தவறிட்டாரு, மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். இவ ஒண்டியா வேலிக்கு அந்தாண்ட தக்காளி போட்டுட்டுக் கெடக்கறா. அவளும் நானும் பேசறதில்லீங்க. பல வருசமாப் பேசறதில்ல. என்ன காரணம்னா, அவ பேரனுக்குக் காதுகுத்து வச்சப்ப என்னைய ஃபோன்ல கூப்பிட்டா. ஃபோன்லங்க! வெத்தலை பாக்குத் தட்டு இல்ல, குங்குமம் இல்ல. ரெண்டு வேலிக்கு நடுவால போற தடம், அந்த இட்டேரியத் தாண்டுனா எங்கூட்டு வாசலு. ‘தெய்வா, வெள்ளிக்கெழமை வந்துரு’ன்னு ஃபோன்ல சொல்றா. அப்ப அவளுக்குக் காலு ஒடஞ்சு மாவுக்கட்டுப் போட்டிருந்துச்சாம். இருந்தா என்னுங்க? இன்னொரு காலு நல்லாத்தானே இருந்துச்சு? நான் போகல. அதுக்கப்பறம் பேச்சும் இல்ல. எனக்கு அவளப் பத்தின நெனப்பே கெடையாது. காத்தால எந்திரிச்சா அவ ஊட்டுல பொகை வருதா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனாளா, நடை சரியா இருக்குதான்னு பாப்பேன், அவ்வளவுதான். மத்தபடி நெனப்பே இல்ல.

அவ கண்ணு சாதாரணக் கண்ணில்லீங்க. அவ பாத்து ‘நல்லாக் காச்சிருக்குதே’ன்னு சொன்ன எங்க முருங்கை அடுத்த காத்துக்கே ஒடஞ்சு விழுந்துச்சு. அதனால அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த ஏரோப்ளேனுக்குப் பூசை போடோணும்னு. அந்தப் புள்ளை மாதா கோயிலுக்குப் போறது, அந்தப் பையன் தொழுகறவன். எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா எங்க பூமிக்கு மேல பறக்கறதுன்னா எங்க கன்னிமாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானுங்களே பறக்கோணும்?

ஏரோப்ளேன எங்க தோட்டத்துக் கொட்டாயிலதான், சாளைன்னு சொல்லுவோம், அங்க வச்சிருந்தாங்க. ‘எதையும் தொடாண்டாம்மா’ன்னு மெர்லின் சொல்லியிருந்துச்சு. நான் எங்கீங்க தொட்டேன்? காத்தால வெள்ளெனக் குளிச்சுட்டு, சந்தனக் கட்டையில கஸ்தூரி மஞ்சளும் சேத்து அரைச்சு, றெக்கைக்கு ஒரு பொட்டு, மூக்குக்கு ஒரு பொட்டு. அவ்வளவுதான். மூக்குன்னா, முன்னால ஊதுபத்தி மாதிரி ஒரு குழல் நீட்டிட்டு இருக்குமுங்க, நுனியில சின்னதா ஒரு ஓட்டை. அந்த நுனியிலதான் வச்சேன். சாமிக்கு நெத்தி மாதிரி இதுக்கு அதுதானுங்களே மொதல்ல வர்றது? றெக்கையில வச்சதப் பாத்து அஸ்லாம் சிரிச்சுட்டு, தொடைக்காம விட்டுட்டான். மூக்குல வச்சத ஆரும் பாக்கல. குழலும் சந்தனக் கலருலதான் இருந்துச்சு.

அன்னைக்கே விழுந்துச்சுங்க.

நேரா மேல போச்சு. நின்னுச்சு. பொறத்தால விசிறி சுத்தக்கூட ஆரம்பிக்கல, நாலு விசிறியும் டக்குனு நின்னு போச்சு. பொத்துனு வேலிக்கு அந்தாண்ட, தக்காளிக் காட்டுக்குள்ள தலைகுப்புற. அப்பத்தான் எனக்குத் தெளிவாச்சு, அவ கண்ணு எத்தனை பொல்லாததுன்னு. நான் பொட்டு மட்டும் வைக்காம இருந்திருந்தா அது சுக்கு நூறாப் போயிருக்குமுங்க. பொட்டு வச்சதால மூக்கு மட்டும் மண்ணுல குத்தி, ஒரு றெக்கை ஒடஞ்சதோட போச்சு.

மெர்லின் ஓடுச்சு. நானும் வேலி வரைக்கும் போனேன். பொன்னாத்தா அந்தாண்ட நிக்கறா.

‘மெர்லினு கண்ணு, அந்தம்மாகிட்டச் சொல்லு, நம்ம விமானத்தக் குடுக்கச் சொல்லு’ன்னேன்.

‘பாப்பா, அந்தம்மாகிட்டச் சொல்லு, விமானத்த எடுத்துட்டுப் போகட்டும், என்ற செடிய ஆரு நிமித்தறது’ன்னா அவ.

‘செடி தானா நிமிந்துக்கும்னு சொல்லு கண்ணு.’

‘ஒடஞ்ச செடி நிமிந்ததா வரலாறு இல்லைன்னு சொல்லு பாப்பா.’

மெர்லின் நடுவுல நின்னுட்டு ரெண்டு பக்கமும் தலையத் திருப்புது. ‘அம்மா, அவங்களுக்கு நீங்க பேசறது கேக்குது’ன்னுச்சு. கேக்கட்டுமே! கேக்கறது வேற, பேசறது வேற இல்லீங்களா?

கடைசியா அவ ஏரோப்ளேனத் தானே தூக்கி, மண்ணத் தட்டி, முந்தானையில தொடைச்சுக் குடுத்தா. நடிப்புங்க. விழ வச்சவளுக்குத் தூக்கிக் குடுக்கறது என்ன கஷ்டம்?

ஒட்டி, டேப்பச் சுத்தி, மறுபடி பறக்க விட்டாங்க. நான் இன்னும் கெட்டியாச் சந்தனம் வச்சேன். மறுபடி விழுந்துச்சு. மறுபடி தக்காளி. ஒவ்வொரு வாட்டியும் மூக்கு மண்ணுல குத்தி நிக்கும், குழலு பூராச் செவேல்னு மண்ணு. குழலக் கழுவி, கம்ப்யூட்டரத் தொறந்து வச்சுட்டு அந்தப் புள்ளை பொழுதன்னைக்கும் உக்காந்திருக்கும். ‘நிக்க எடத்துல நின்னுட்டு, ரொம்ப வேகமாப் போறேன்னு இது நெனைக்குதும்மா. ஏன் நெனைக்குதுன்னு தெரியல்ல’ன்னு சொல்லும். மனுசருலயும் அப்பிடி ஆளுக உண்டுங்க. இருக்கற எடத்துலயே இருந்துட்டு, என்னமோ பெருசாச் சாதிச்சுட்ட மாதிரி நெனச்சுக்குவாங்க. எங்க பொன்னாத்தா மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

ஆனி கடைசி முகூர்த்தத்துல தாராபுரத்துல எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக் கல்யாணம். நான் போயிருந்தேன். பொன்னாத்தாளும் வந்திருந்தா. பந்தியில முதுகுக்கு முதுகு உக்காந்து சாப்பிட்டோம், திரும்பிப் பாக்கலியே நான். அவ எலையில வடை வைக்காமப் போயிட்டான் ஒருத்தன், அவனைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன், அதோட சரி. பொழுதோட ஊடு வந்தா மெர்லின் குதிக்குது. ‘அம்மா! இன்னைக்கு எத்தன தடவ விட்டோமோ அத்தன தடவையும் பறந்துச்சும்மா! ஒரு கொறையும் இல்ல!’

நீங்களே யோசிச்சுப் பாருங்க தம்பி. அவ ஊர்ல இல்லாத அன்னைக்கு மட்டும் பறக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என்னது? நானும் ஊர்ல இல்லியா? ஆமா, நானும் இல்ல. அதுக்கென்னுங்க? நான் இருந்திருந்தா இன்னும் நல்லாப் பறந்திருக்கும்.

அடுத்த நா மறுபடி விழுந்துச்சு.

அதுக்குள்ள ஆடி வந்துருச்சு. பெங்களூருல இருந்து அவங்க மொதலாளி ஃபோன்ல பேசுனாரு. ஆவணியில சுகாதாரத்துல இருந்து பெரிய டாக்டரம்மா எல்லாம் வர்றாங்களாம். அவங்க முன்னால மருந்துப் பொட்டி மஞ்சப்பாறை போயி எறங்கோணும். எறங்கலைன்னா இந்த வேலையவே நிறுத்திரலாம்னு சொல்லிட்டாராம். மெர்லின் ‘சரி சார், சரி சார்’னு சொல்லிட்டு, ஃபோன வச்சுட்டு, ட்ராக்டருக்குப் பின்னால போயி நின்னுச்சு. நான் எட்டிப் பாத்தேன். சக்கரத்துல சாஞ்சு அழுதுட்டிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கலீங்க. பொம்பளைப் புள்ளை எனக்கு இல்ல. ஒரே பையன், ஆஸ்திரேலியாவுல இருக்கறான், ஞாயித்துக்கெழமை ஆனா ஃபோன்ல மூஞ்சியக் காட்டுவான். அந்தப் புள்ளை அழுகறதப் பாத்ததும், இனிப் பொறுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுனேன்.

பொட்டியத் தொறந்தேன். பழைய சேலை பூராத்தையும் எடுத்தேன். வேலி நெடுகக் கட்டிட்டேனுங்க! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். சுங்குடி, வாயில் சேலை, எங்க மாமியா உடுத்துன கண்டாங்கி, என்ற முகூர்த்தப்பட்டு ஒண்ணுதான் பாக்கி. அவ கண்ணு இந்தப் பக்கம் எப்பிடி வருதுன்னு பாத்துரலாம்னு. ஆடிக்காத்துல அத்தனையும் படபடன்னு அடிக்குது, திருவிழாவுல கொடி கட்டுன மாதிரி. அஸ்லாம் வந்து பாத்துட்டு, ‘அம்மா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறதுக்குங்களா? ரொம்ப உபயோகமா இருக்குது’ன்னான். விவரம் புரியாத பையன்.

அன்னைக்குப் பூசையும் பெருசு. எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம் நல்லாக் கொழகொழன்னு அரைச்சு, குழல் நுனியில விரலால அழுத்தி வச்சேன், காத்துக்கு உதுந்து போகாம இருக்கறதுக்கு.

தூக்குச்சு. மேல போச்சு. விழுந்துச்சு.

ஆனா இந்தத் தடவ தக்காளிக்குள்ள விழுகல. காத்து தள்ளி, சுத்தி, சேலைகளுக்கு மேல போயி, பொன்னாத்தா வாசல்ல இருக்கற சோளத்தட்டுப் போரு மேல போயி உக்காந்துருச்சு. மெத்துனு. ஒரு கீறல் இல்ல. மூக்கு, குழலு, பொட்டு எல்லாம் வச்சது வச்சபடி.

அஸ்லாம் எடுக்கப் போனான். பொன்னாத்தா குடுக்கலையாம். ஏணி போட்டுத் தானே மேல ஏறி எறக்கி வச்சுட்டு, ‘அந்தப் பாப்பா மட்டும் வரட்டும்’னு சொல்லிட்டா. மெர்லின் போச்சு. நான் வேலியோரம் நின்னு சேலைய வெலக்கிப் பாக்கறேன். ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு மூக்கப் பாக்கறாங்க. பொன்னாத்தா அந்தக் குழல மோந்து பாக்கறா. நாயி மாதிரி மோந்து பாக்கறாளுங்க! அப்பறம் மெர்லினும் மோந்து பாக்குது. அப்பறம் அந்தப் புள்ளை அப்பிடியே தரையில உக்காந்து, தலையில கைய வச்சுட்டு, சிரிக்குதா அழுகுதான்னு தெரியல.

மெர்லின் சொல்லிக் கேட்டத எல்லாம் பின்னால அஸ்லாம்தான் எங்கிட்டச் சொன்னான். அவன் வாயில ஒண்ணும் தங்காது. பொன்னாத்தா சொன்னாளாம், ‘இது தெய்வா அரைச்ச சந்தனம் பாப்பா. கஸ்தூரி மஞ்சள் போட்டு அரைக்கறது எங்க மாமியா எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தது. அவ ஒரு துளி எச்சாவே போடுவா. இந்த வாசனை எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்’னு. அதோட விட்டாளா? ‘இத அவகிட்டச் சொல்லாத. அவ பிரியமா வச்சது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவா’ன்னாளாம். பாத்தீங்களா சூழ்ச்சிய? எனக்குத் தெரியாம என்னையப் பத்திப் பேசறது. அதுலயும் ஒரு துளி எச்சாவாம்! நான் சரியாத்தான் போடுவேன், அவதான் கஞ்சம்.

மெர்லின் எங்கிட்ட வந்து மெதுவாக் கேட்டுச்சு. ‘அம்மா, மூக்குல சந்தனம் வச்சீங்களா?’

‘மூக்குல வைக்காமக் கால்லயா வைப்பாங்க?’

‘எல்லா நாளுமா?’

‘கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு மட்டும் வைக்கல. ஏங் கண்ணு, கொறையாயிருச்சா?’

அது எம் பக்கத்துல உக்காந்துருச்சு. கம்ப்யூட்டர மூடி வச்சுட்டுச் சொல்லுச்சு. அந்த ஓட்டையில எதிர்க்காத்து எத்தனை அழுத்துதோ அதப் பாத்துத்தான் அது தன்னோட வேகத்தத் தெரிஞ்சுக்குதாம். ஓட்டைய அடைச்சுட்டா, தரையில இருந்த காத்தே உள்ள மாட்டிக்குமாம். மேல போகப் போக வெளிக்காத்து லேசாகும், உள்ள இருக்கறது அப்பிடியே அழுத்திட்டு இருக்கும். அதனால அது, ‘நான் வேகமாப் போயிட்டிருக்கறேன், றெக்கை தாங்கும், விசிறிய நிறுத்திரலாம்’னு நெனச்சுக்குமாம். எடுத்துச் சொல்றப்பக்கூட அந்தப் புள்ளை எம்மேல கோவிச்சுக்கலீங்க. கையப் புடிச்சுட்டுத்தான் சொல்லுச்சு.

கேட்டுக்கிட்டேன். ஆனா எனக்குத் தெரியாதுங்களா? பொன்னாத்தா அந்தப் புள்ளை மனசக் கலைச்சுட்டா. இத்தனூண்டு சந்தனத்துல அத்தாம்பெரிய ஏரோப்ளேனு விழுமாங்க? நான் எந்த லாரிக்கு, எந்த ட்ராக்டருக்குப் பொட்டு வைக்கல? ஒண்ணாச்சும் விழுந்திருக்குதா?

ரெண்டு நாளு நான் சாளைப் பக்கமே போகல. சோறாக்கிக் குடுத்து அனுப்புவேன், பேச மாட்டேன். எங்கூட்டுக்காரரு என்னையப் பாத்தாரு. ‘என்ன பாக்கறீங்க’ன்னேன். வேற பக்கம் பாத்துக்கிட்டாரு. குளிச்சுட்டுக் கட்டையக் கையில எடுத்தா, அரைக்கறதா வேண்டாமான்னே தெரியலீங்க. ஒரு காரியத்தப் பிரியமாச் செஞ்சு, அது வேண்டாம்னு சொல்லிட்டா, அந்தக் கைய எங்க கொண்டு போயி வைக்கறதுன்னு தெரியாமப் போயிரும் தம்பி. கொஞ்சம் அந்த ஜன்னல மூடுங்க, தூசி வருது.

டாக்டரம்மா வர்ற அன்னைக்குக் காத்தால மெர்லின் வந்து வாசல்ல நின்னுச்சு. ‘அம்மா, சந்தனம் அரைக்கலியா? நேரமாச்சு’ன்னுச்சு.

‘எதுக்குக் கண்ணு? அதான் ஆகாதே’ன்னேன்.

‘ஆரு சொன்னா? வாங்க.’ சாளைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுது. ஏரோப்ளேன் வால்ல, செவப்பு ஸ்டிக்கர்ல ஒரு வட்டம் வெட்டி ஒட்டியிருக்குது. உள்ள வெள்ளையா எடம் விட்டிருக்குது, ஒரு பொட்டு வைக்கறதுக்கு அளவா. ‘இது உங்க எடம்மா. இதுல வைங்க. இது இல்லாமப் பறக்காண்டாம்’னுச்சு.

ஓடிப்போயி அரைச்சு எடுத்துட்டு வந்து வச்சேன். அப்பவும் அஸ்லாம் வாய வச்சுட்டுச் சும்மா இருக்கல. ‘இந்த வட்டம் வைக்கச் சொன்னதே பொன்னாத்தாம்மாதான்’னான். பாத்தீங்களா? என்னைய மூக்குலிருந்து வாலுக்குத் தள்ளிட்டா! சரி, போகட்டும். வால்லயும் சாமி இருக்குதில்லீங்களா?

டாக்டரம்மா வந்தாங்க, நாலு ஆபீசருக வந்தாங்க. மருந்துப் பொட்டிய வயித்துக்குள்ள வச்சு மூடுனாங்க. எல்லாரும் தள்ளி நின்னாங்க. நான் வேலியோரம் வந்துட்டேன். சேலை எல்லாம் அவுத்தாச்சு, ஆபீசருக வர்றப்ப நல்லா இருக்காதுன்னு எங்கூட்டுக்காரரு மொதல் தடவையா வாயத் தொறந்து சொன்னாரு. திரும்பிப் பாத்தா, வேலிக்கு அந்தாண்ட பொன்னாத்தா. அவ ஏரோப்ளேனப் பாக்கல. கண்ண இறுக்கி மூடிட்டு நிக்கறா. எதுக்குன்னு கேக்கறீங்களா? நான் சேலை கட்டுன காரணம் அவளுக்குத் தெரியும்போல. ஊர்ல ஆரோ சொல்லியிருப்பாங்க. தங் கண்ணு பட்டுரும்னு மூடிட்டு நிக்கறா, லூசு.

விசிறி சுத்துச்சு. புழுதி பறந்துச்சு. நேரா மேல போச்சு. நின்னுச்சு. எப்பவும் விழுகற எடம். பொறத்தால விசிறி சுத்த ஆரம்பிக்குது, மெதுவா முன்னால நவுருது, தக்காளிக் காட்டுக்கு மேல போகுது. இன்னும் வேகமாப் போகுது. நாலு விசிறியும் ஒண்ணா நின்னுச்சுங்க. சத்தம் நின்னு போச்சு. அந்த ஒரு நொடி, எங்க தோட்டத்துல காக்கா கத்தறது கூடக் கேட்டுச்சு.

விழுகல. றெக்கை தாங்கிக்கிச்சு. அப்பிடியே சாஞ்சு, தெக்கால திரும்பி, மலையப் பாத்துப் போச்சு.

‘தெய்வா, என்னாச்சு? சொல்லேன், என்னாச்சு?’ங்கறா அவ, கண்ணத் தொறக்காம.

‘போகுது! பொன்னக்கா, போகுது பாரு!’

அப்பத்தான் பாத்தேன், கிளுவை முள்ளுக்குள்ள அவ என்ற கையப் புடிச்சிருக்கறா. அவதான் புடிச்சா, நான் புடிக்கல. முள்ளுக் கிழிச்சு ரெண்டு பேரு கையிலயும் ரத்தம், ஆனா என்ற கையிலதான் எச்சாக் கிழிச்சிருந்துச்சு, அது எப்பிடின்னு தெரியல. மஞ்சப்பாறையில இருந்து ஃபோன் வந்துச்சு, எறங்கிருச்சுன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. மெர்லின் ஓடி வந்து என்னையக் கட்டிக்கிச்சு, வேலியத் தாண்டிக் குதிச்சுப் போயி அவளையும் கட்டிக்கிச்சு. டாக்டரம்மா வந்து, ‘இந்த வால்ல என்னம்மா, சந்தனமா’ன்னு கேட்டாங்க. ‘அதுதானுங்க முக்கியமான பாகம்’னு அஸ்லாம் சொன்னான். இப்பவாச்சும் புரிஞ்சுக்கிட்டான் பாருங்க.

கைய விட்டதும் எங்களுக்குள்ள பேச்சில்ல. பழகிப் போச்சில்லீங்களா, சட்டுனு என்னன்னு பேசறது?

ஒரு வாரத்துல அவங்க கெளம்பிட்டாங்க. மலைக்கு அந்தாண்டப் பக்கம் இன்னும் ரோடில்லாத ஊருக இருக்குதாம், அங்க போயி வைக்கறாங்களாம். வேன் போனதுக்கப்பறம் அந்த வெறும் பூமியில ஆடு மேஞ்சுது. நான் வாசல் கூட்டிட்டு, அரிசி களைஞ்சுட்டு, சும்மா சும்மா மேலயே பாத்துட்டிருந்தேன். மறுநா பொழுதோட வாசல்ல செருப்புச் சத்தம். நிமிந்து பாத்தா, இட்டேரியச் சுத்திட்டு பொன்னாத்தா வந்து நிக்கறா. கையில ஒரு கூடை தக்காளி. உள்ளயும் வராம, போகவும் போகாம.

‘இன்னைக்கு ஒண்ணும் விழுகலியா?’ன்னா.

‘அதான் போயிட்டாங்களே. இனி எங்க விழுகும்?’னேன்.

‘ஓ’ன்னா. கூடைய இடுப்புக்கு மாத்திக்கிட்டா. ‘விழுந்தா எடுத்துக் குடுக்கலாம்னு பாத்தேன்’னா.

நான் உள்ள போயிக் காப்பிக்கு அடுப்பப் பத்த வச்சேன். அவளும் தக்காளிய எறக்கி வச்சுட்டு வந்து உக்காந்துட்டா, ஆரும் உக்காரச் சொல்லல.

அடடே, பஸ் ஸ்டாண்டே வந்துருச்சே. தள்ளுங்க தம்பி, எறங்கறேன். உடுமலையில என்ன வேலைன்னா கேட்டீங்க? பெருசா ஒண்ணுமில்ல. காப்பித்தூளு வாங்கறதுக்குத்தான். இப்பெல்லாம் எங்கூட்டுல என்னமோ சீக்கிரமாத் தீந்து போயிருதுங்க.